காயத்துக்குப் பின் 'பொருத்தமான வேலை': வார இழப்பீட்டுப் பணத்தைக் குறைக்கலாமா?

கேள்வி: ஆஸ்திரேலியா, நியூ சவுத் வேல்ஸ். கிடங்குத் தொழிலாளி, முதுகில் காயம், 20 வாரம் ஆகிறது. முந்தைய சராசரி வாரச் சம்பளம் 1,500 டாலர். இப்போது இலகு வேலை: வாரம் 12 மணி, 480 டாலர். முழுநேர அலுவலக வேலை செய்யலாம் என்கிறது காப்புறுதி நிறுவனம். அப்படி வேலை எதுவும் இந்தப் பக்கம் இல்லையே?

பதில் 1: எது 'பொருத்தமான வேலை' என்று முடிவுசெய்யும்போது, வேலை கிடைக்குமா, வீடு எங்கே என்பதெல்லாம் கணக்கில் வராது. 1987 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 32ஏ பிரிவு அப்படித்தான், கொடுமைதான். ஆனால் வயது, படிப்பு, திறன், அனுபவம், மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றைப் பார்த்தே ஆக வேண்டும். கணினி பழகாதவருக்கு அலுவலக வேலை எப்படிப் பொருந்தும்? அங்கேதான் பிடிக்க வேண்டும்.

பதில் 2: இழப்பீட்டின் 14 முதல் 130 வாரம் வரை, வாரம் 15 மணிக்குக் குறைவாக வேலை செய்தால், முந்தைய சராசரிச் சம்பளத்தில் 80%, அதில் இப்போதைய வருமானத்தைக் கழிக்க வேண்டும்: 1,200 − 480 = 720. டாக்டர் அனுமதித்து 15 மணி செய்தால் 95%: 1,425 − 600 = 825. கவனம்: உண்மையான வருமானம், பொருத்தமான வேலையில் சம்பாதிக்க முடியும் என்று காப்புறுதி நிறுவனம் முடிவுசெய்த தொகை, இரண்டில் பெரியதைத்தான் கழிப்பார்கள்.

பதில் 3: சான்றிதழில் 'இலகு வேலை' என்று மட்டும் இருந்தால் பயனில்லை. எத்தனை மணி, எத்தனை கிலோ, எவ்வளவு நேரம் உட்காரலாம் என்று டாக்டரை எழுதச் சொல்லுங்கள். முடிவை எதிர்க்க, ஐஆர்ஓ (மாநிலத்தின் சுயாதீன மறுஆய்வு அலுவலகம்) அங்கீகரித்த வழக்கறிஞருக்கு நிதி கிடைக்கும்.