சினகாக்: தமிழில் எப்படி எழுதுவது?

மடல் 1

குழும நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் கல்லூரி வரலாற்று மாணவர்களைக் கொச்சி மட்டாஞ்சேரியிலுள்ள, யூதர்கள் கூடி வழிபடும் இடமான பரதேசி சினகாக்குக்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம். அவர்களுக்கான தமிழ்க் குறிப்பேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘சினகாக்’ என்பதற்குப் பழைய விவிலிய வழக்கான ‘ஜெப ஆலயம்’ பொருந்துமா, புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தின் ‘தொழுகைக்கூடம்’ பொருந்துமா?

மடல் 2

ஐயா, ‘ஆலயம்’ வேண்டவே வேண்டாம். யூத மரபில் ஆலயம் என்றால் எருசலேம் ஆலயமே, உரோமர் கி.பி. 70இல் அதை இடித்தபின் பலி நின்றுபோய், கூடி மன்றாடுவதும் வேதம் வாசிப்பதுமே வழிபாடாக நிலைத்தன. எபிரேயப் பெயரான ‘பேத் கெனெசெத்’துக்குக் கூடும் வீடு என்பதே பொருள்.

என் பரிந்துரை ‘யூதப்பள்ளி’. மலையாளத்தில் ‘ஜூதப்பள்ளி’ என்பது இன்றும் மக்கள் வழக்கு. சமணப்பள்ளி, பள்ளிவாசல், பள்ளிக்கூடம் என வழிபாட்டையும் கல்வியையும் சேர்த்தே சுமந்த சொல் இது. கிழக்கு ஐரோப்பிய யூதரின் இத்திஷ் மொழியிலும் சினகாக்கைப் பள்ளிக்கூடம் எனப் பொருள்படும் ‘ஷூல்’ என்றே அழைப்பர். தமிழுக்கும் எபிரேயத்துக்கும் உள்ள உறவோ பழையது; விவிலிய அரசர் சாலமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லான ‘துக்கி’ நம் ‘தோகை’யே என்று கால்டுவெல் வாதிட்டதை இங்கே நினைவூட்டுகிறேன்.

உள்ளுறுப்புகளின் பெயர்களிலும் கவனம் தேவை. 1568இல் கட்டப்பட்ட அந்தக் கூடத்தில், காலணியைக் கழற்றிவிட்டு நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகளின்மீது நடந்தால், நடுவே பித்தளைக் கம்பியழி சூழ்ந்த மேடையும், எருசலேம் இருக்கும் மேற்குத் திசையில் யூத வேதமான தோராவின் சுருள்களை வைக்கும் மரப்பேழையும் தெரியும். மாடியிலும் ஒரு வாசிப்பு மேடை உண்டு. அது கேரள யூதருக்கே உரிய அமைப்பு. ‘மேடை’, ‘பேழை’ என்றே எழுதுங்கள். ‘பலிபீடம்’, ‘கருவறை’ என எழுதினால் அங்கே இல்லாத வழிபாட்டை மாணவர்கள் கற்பனை செய்துகொள்வார்கள்.

மடல் 3

‘பள்ளி’யின் வரலாறு எனக்கும் உவப்பானதே. ஆயினும் ‘யூதப்பள்ளிக்குப் போனோம்’ என்று இன்றைய மாணவர் சொன்னால், யூதப் பிள்ளைகள் படிக்கும் இடம் என்றே வீட்டார் கொள்வர். விளக்கவுரை தேடும் சொல் குறிப்பேட்டுக்கு ஆகாது. பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ கி.பி. 1000இல் அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையை வழங்கிய செப்பேடு, அதைப் பெற்ற யூதத் தலைவர் ஜோசப் ரப்பானின் பெயரையே உள்ளூர் ஒலிக்கேற்ப வட்டெழுத்தில் எழுதிக்கொண்டது. அவ்வாறே ‘சினகாகு’ என்று ஒலிபெயர்க்கலாம். தமிழ்ச்சொல்தான் வேண்டுமென்றால் ‘தொழுகைக்கூடம்’ போதும்.

மடல் 4

நன்றி. பெரும்பாலோர் ‘தொழுகைக்கூடம்’ என்பதற்கே இசைந்திருப்பதால் அதையே இடுகிறேன். முதல் பக்கத்தில் மட்டும் ‘யூதப்பள்ளி’ என்ற வழக்கையும் குறிப்பிடுவேன். சனிக்கிழமை ஓய்வுநாள் என்பதால் அன்று பார்வையாளரை விடமாட்டார்கள். பயணத்தை ஞாயிறுக்கு மாற்றிவிட்டோம்.

மடல் 5

‘தொழுகை’ என்றதும் நம் ஊரில் இசுலாமியத் தொழுகையே நினைவுக்கு வரும் என்பதால் ‘யூதப்பள்ளி’யைப் பரிந்துரைத்த என் மறுப்பு நிற்கிறது. ‘மேடை’யையும் ‘பேழை’யையும் மெய்ப்புத் திருத்துபவர் மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.