நாள் தள்ளி ரத்தம் படுதுன்னு எமர்ஜென்சி போன அனுபவம் இருந்தா சொல்லுங்க

மும்பைல எமர்ஜென்சி நர்ஸா இருக்கேன். தாராவில இருந்து நம்ம திருநெல்வேலி ஆளுங்க நிறைய வருவாங்க, தமிழ்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க. ஒரு மாமியார் மருமகளைக் கூட்டிட்டு வந்து "முழுகாம இருக்கா சிஸ்டர், லேசா தீட்டு படுது, நிக்கதுக்கு ஒரு ஊசி போட்டு விடுங்க, வீட்ல சோறு வைக்கணும்"ங்கறாங்க. பேட்ல நிஜமாவே கறை அளவு தான். ஆனா அந்தப் பொண்ணுக்கு பேச்சே வரல, கை ஜில்லுனு இருக்கு, பல்ஸ் 120 கிட்ட. தலை சுத்துச்சா, தோள் வலிக்குதான்னு கேட்டா "பாத்ரூம்ல விழுந்துட்டேன், வலது தோள் குத்துது"ங்கறா. மாமியார் "அது தண்ணிக்குடம் தூக்குனதுல". பிபி இன்னும் இறங்கல, சின்ன வயசுப் பொண்ணுங்களுக்கு அது கடைசி வரைக்கும் தாங்கிட்டு அப்புறம் மொத்தமா விழும், அதை நம்பி உக்காரக் கூடாது. ரெண்டு கைலயும் பெரிய ஊசி லைன் போட்டு, ரத்தம் ஏத்தறதுக்கு குரூப்பிங், கிராஸ்மேட்ச் (ரத்தம் பொருந்துதான்னு பாக்கற டெஸ்ட்) அனுப்பிட்டு இருக்கறப்பவே டாக்டர் வயித்துல ஸ்கேன் ப்ரோப் வச்சாரு, கல்லீரலுக்கும் கிட்னிக்கும் நடுவுல கருப்பா ரத்தம் நிக்குது. கருக்குழாய் ட்யூப்ல தங்குன கரு வெடிச்சு ரத்தம் வெளிய வராம வயித்துக்குள்ள ஏறி உதரவிதானத்தைத் தொட்டிருக்கு, அதான் தோள் வலி. நேரா தியேட்டர். பிழைச்சுட்டா. ரத்த குரூப் நெகட்டிவ்ங்கறதால, அடுத்த கர்ப்பத்துல குழந்தைக்கு பாதிப்பு வராம இருக்க 72 மணி நேரத்துக்குள்ள ஆன்டி டி ஊசியும் போட்டாங்க, மாமியார் கேட்ட ஊசி இது இல்ல.

---

எனக்கு அப்படியே உல்டா சிஸ்டர். செம்பூர்ல இருந்து ஆட்டோல போறப்பவே கட்டி கட்டியா போகுது, எல்லாம் போச்சுன்னு அழுதுட்டே போனேன். பாத்தா கர்ப்பப்பை வாய் மூடியே இருக்கு, ஸ்கேன்ல ஹார்ட்பீட்டும் இருக்கு. முதல் 3 மாசத்துல 4 பேர்ல ஒருத்தருக்கு ரத்தம் படும்னாங்க. அம்மா படுத்தே கிடன்னாங்க, டாக்டரம்மா அதால எதுவும் மாறாதுன்னுட்டாங்க. பையன் இப்போ ஸ்கூல் போறான்.

---

எங்களுக்கு ஸ்கேன்ல கர்ப்பப்பைலயும் ஒண்ணும் தெரியல, ட்யூப்லயும் தெரியல. பீட்டா எச்சிஜி (கர்ப்ப ஹார்மோன் அளவு பாக்கற ரத்த டெஸ்ட்) எடுத்துட்டு 48 மணி நேரம் கழிச்சு திரும்ப எடுக்கணும்னாங்க, வீட்டுக்காரர் காசு புடுங்கறாங்கன்னு ஒரே சத்தம். ரெண்டாவது ரிப்போர்ட் சரியா ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. மறுபடி ஸ்கேன் பண்ணப்போ இடது ட்யூப்ல சின்னதா இருந்துச்சு, வெடிக்கல, அதனால ஆபரேஷன் இல்லாம, கரு வளராம நிறுத்தற மெத்தோட்ரெக்ஸேட் ஊசியோட முடிஞ்சுது. பீட்டா முழுசா இறங்கற வரைக்கும் வாராவாரம் ரத்தம் குடுக்கணும், அதுக்கெல்லாம் அவரே லீவு போட்டு கூட்டிட்டுப் போனாரு.