மெதுவான டிடிஆர்4 ரேமை வைத்துக்கொண்டு ஓவர்கிளாக்: எந்த ப்ராசஸர் எடுக்கலாம்?

பிட்_பயணி
வணக்கம். 8 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்4 ஸ்டிக் இருக்கிறது: 2666 வேகம், சிஎல்19 (கேட்ட தகவலைத் தர 19 சுற்று காத்திருப்பு), 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி ப்ரொஃபைல் (தயாரிப்பாளர் ரேமிலேயே பதிந்து தரும் அதிவேக அமைப்பு) கிடையாது. ரேமை இப்போதைக்கு மாற்றுவதாக இல்லை. ப்ராசஸரும் மதர்போர்டும் மட்டும்தான் புதிது. பட்டியலில் மூன்று: இசட்690 டிடிஆர்4 போர்டோடு இன்டெல் 12600கே, பி550 போர்டில் ரைசன் 5600எக்ஸ் அல்லது 5800எக்ஸ்3டி. பயன்பாடு பாதி நகரம் கட்டும் சிமுலேஷன் கேம்கள், பாதி எக்ஸ்265 வீடியோ என்கோடிங். ஓவர்கிளாக் (இயல்பை மீறிய வேகத்தில் ஓட்டுவது) செய்தே ஆக வேண்டும், அதுதான் பொழுதுபோக்கு. இரட்டை டவர் ஏர் கூலர் உண்டு. ரேம் மெதுவாக இருப்பதைக் கோர் வேகத்தை ஏற்றி ஈடுகட்ட முடியுமா?

கேஷ்_கணக்கன்
கேமில் முடியாது. என்கோடிங்கில் ஈடுகட்டவே தேவையில்லை. இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

நகர சிமுலேஷனில் ஆயிரக்கணக்கான வண்டிகளும் ஆட்களும் மெமரியில் சிதறிக் கிடக்கிறார்கள். ஒவ்வொன்றின் தகவலுக்கும் ப்ராசஸர் ரேம் வாசலில் போய் நிற்க வேண்டும். ஒரு ஃப்ரேமுக்கு 10 மில்லிசெகண்ட், அதில் 4 வெறும் காத்திருப்பு என்று வைத்துக்கொள்வோம். கோரை 8 சதவீதம் ஏற்றினால் மீதி 6 மட்டும் 5.56 ஆகும், மொத்தம் 9.56. மின்சாரம், சூடு, ஃபேன் சத்தம் எல்லாம் கொடுத்து வாங்கிய 8 சதவீதத்தில் கைக்கு வருவது 4.6. எக்ஸ்265 அப்படியில்லை. ஒரு நேரத்தில் அது கையாளும் துண்டு பெரும்பாலும் கேஷுக்குள் (ப்ராசஸரிலேயே உள்ள வேக மெமரிக்குள்) அடங்கிவிடும்; கோர் எவ்வளவு ஏறுகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு வேகமும் கூடும்.

எனவே மெதுவான ரேமுக்கு மருந்து பெரிய எல்3 கேஷ் (கோர்கள் பகிர்ந்துகொள்ளும் அடுக்கு). 5800எக்ஸ்3டி-யில் 96 எம்பி, 5600எக்ஸில் 32, 12600கே-யில் 20. இன்டெலின் ஒவ்வொரு பி-கோருக்கும் (வேகமான பெரிய கோர்) எல்2, அதாவது கோருக்கே சொந்தமான கேஷ், 1.25 எம்பி, ரைசனில் அரை எம்பிதான். அதனால் 20-ஐயும் 32-ஐயும் அப்படியே தராசில் வைக்காதீர்கள். 96 மட்டும் வேறு ரகம். வேடிக்கை என்னவென்றால், உங்கள் ரேமுக்கு எது அதிகம் பொருந்துமோ அந்த 5800எக்ஸ்3டி-யில்தான் மல்டிப்ளையருக்கு (கோர் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கெண்) பூட்டு.

விலையைப் பார்த்து 5500 பக்கமோ 5600ஜி பக்கமோ போய்விடாதீர்கள். பெயர் 5600-க்குப் பக்கத்து வீடு மாதிரி இருந்தாலும் எல்3 வெறும் 16 எம்பி. மெதுவான ரேமோடு சேர்ந்தால் இரண்டு பக்கமும் அடி.

நம்பிக்கை இல்லையென்றால் இப்போதைய கணினியிலேயே சோதியுங்கள். ஒரே சேவ் ஃபைல், ஒரே கேமரா கோணம். முதலில் ரேமை 2133-க்கு இறக்கி அளந்துகொள்ளுங்கள். பிறகு ரேமைப் பழையபடி வைத்து, கோர் மல்டிப்ளையரை 10 சதவீதம் குறைத்து அளக்கவும். 2133-க்கு இறக்கும்போது சிஎல்-ஐக் கையால் 19-லேயே நிறுத்துங்கள். ஆட்டோவில் விட்டால் போர்டு 15 ஆக்கிவிடும். 2666 சிஎல்19 என்பது 14.25 நானோசெகண்ட், 2133 சிஎல்15 என்பது 14.06. அதாவது லேட்டன்சி (காத்திருப்பு நேரம்) மாறவே மாறாது, நீங்களும் "ரேம் வேகம் ஒரு பொருட்டே இல்லை" என்று தப்பான முடிவுக்கு வருவீர்கள். 19-லேயே வைத்தால் 17.8 ஆகும், அப்போதுதான் வலி தெரியும்.

ரிங்_பாதை
மேலே சொன்ன கணக்கு சரி, ஆனால் பொழுதுபோக்கே ஓவர்கிளாக் என்பவரிடம் பூட்டுப் போட்ட ப்ராசஸரைக் கொடுப்பதா? 12600கே-யில் திருப்பிப் பார்க்கத் திருகுகள் நிறைய.

எல்லா பி-கோரும் ஓடும்போது இதன் இயல்பு வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ். 5.0-ஐ இலக்காக வைத்து 1.25 வோல்ட்டில் தொடங்குங்கள், நிற்கவில்லையென்றால் 0.01 படியாக 1.30 வரை ஏற்றுங்கள். அதற்கும் மேல் கேட்டால் 4.9 போதும் என்று இறங்கிவிடுங்கள். வேகத்தோடு மின்செலவு நேர்விகிதத்தில் ஏறும், வோல்டேஜோடு அதன் வர்க்கமாக ஏறும். கடைசி 100 மெகாஹெர்ட்ஸ்தான் கூலரைத் திணறடிக்கும்.

மெதுவான ரேமுக்கு இதைவிட முக்கியம் ரிங். கோர்களையும் எல்3-யையும் மெமரி கன்ட்ரோலரையும் இணைக்கும் பாதை அது. 12-ஆம் தலைமுறையில் இ-கோர்கள் (சிக்கனமான சிறிய கோர்கள்) விழித்திருந்தால் ரிங் 3.6 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். இ-கோரை பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) அணைத்தால் 4.5-க்கு மேல் கொண்டுபோகலாம், கேமில் லேட்டன்சி குறையும். ஆனால் என்கோடிங்கில் நான்கு கோர் போச்சு. பயாஸில் இரண்டு ப்ரொஃபைல் சேமித்து வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை.

இன்னொன்று டிஆர்இஎஃப்ஐ, அதாவது ரேம் ரிஃப்ரெஷ் இடைவெளி. 2666-ல் ஆட்டோ மதிப்பு 10400 சுற்று, அதாவது 7.8 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை ரேம் வேலையை நிறுத்திவிட்டு ரிஃப்ரெஷ் செய்கிறது. 32767 ஆக்கினால் இந்த நிறுத்தங்கள் மூன்றில் ஒன்றாகக் குறையும். ரேம் சூடானால் செல்களில் சார்ஜ் சீக்கிரம் கசியும், எனவே கேஸில் காற்றோட்டம் வேண்டும். ரைசனுக்கான ஏஎம்4 போர்டுகளில் இந்த மதிப்பைத் தொடவே முடியாது.

பி660 போர்டு வாங்கிவிடாதீர்கள்: ரேமை ஏற்றலாம், மல்டிப்ளையரை ஏற்ற முடியாது. கே இல்லாத 12-ஆம் தலைமுறையில் எஸ்ஏ வோல்டேஜும் (மெமரி கன்ட்ரோலருக்கானது) பூட்டியிருக்கும், அங்கே ரேமும் ஓரளவுக்கு மேல் ஏறாது. மனசு மாறி 13600கே அல்லது 14600கே எடுத்தால், ஓவர்கிளாக்கை நினைப்பதற்கு முன் 0x12பி அல்லது அதற்குப் பிந்தைய மைக்ரோகோடு (ப்ராசஸருக்கான உள் மென்பொருள்) உள்ள பயாஸ் ஏற்றுங்கள். 2024-ல் அந்த இரு தலைமுறைகளிலும் அதிக வோல்டேஜால் சில்லு தேய்ந்த பிரச்சினைக்கு இன்டெல் கொடுத்த திருத்தம் அது.

டைமிங்_தச்சன்
ரேமை மாற்ற மாட்டேன் என்றுதானே சொன்னார், 2666-லேயே ஓட்டுவேன் என்று சொல்லவில்லையே. எக்ஸ்எம்பி இல்லாவிட்டால் என்ன, கையால் போடலாம்.

வரிசை இது. முதலில் ஸ்டிக்குகள் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் 2-வது, 4-வது ஸ்லாட்டில் இருக்கின்றனவா பாருங்கள். கோரை இயல்பு வேகத்தில் விட்டுவிடுங்கள். இரண்டையும் ஒன்றாக ஏற்றினால் கிராஷ் எதனால் என்றே தெரியாது. ரேம் வோல்டேஜ் 1.35. வேகம் 2933, டைமிங் (ரேமின் காத்திருப்புச் சுற்றுகள்; முதல் எண் சிஎல், அடுத்தது டிஆர்சிடி) 18-20-20-40. பூட் ஆகி சோதனையும் தாண்டினால் அதே டைமிங்கோடு 3200. டிஆர்எஃப்சி-யை (ஒரு ரிஃப்ரெஷ் எடுக்கும் நேரம்) முதலில் 560-ல் வையுங்கள், 3200-ல் அது 350 நானோசெகண்ட். அதன் பிறகே சிஎல்-ஐ 16-க்கு இறக்குங்கள். 3200 சிஎல்16 என்றால் சரியாக 10 நானோசெகண்ட், முன்பிருந்த 14.25-லிருந்து. பேண்ட்வித்தும் விநாடிக்கு 42.7 ஜிபி-யிலிருந்து 51.2 ஆகும்.

டிஆர்சிடி இறங்க மறுத்தால் வோல்டேஜை ஏற்றிப் பயனில்லை. பல சிப்களில் அது வோல்டேஜுக்கு மசியாது. சிஎல்தான் மசியும்.

ரைசன் என்றால் எஃப்கிளாக்கை (உள் இணைப்பான ஃபேப்ரிக்கின் வேகம்) கையால் 1600 போட்டு, யுகிளாக் (மெமரி கன்ட்ரோலர் வேகம்) எம்கிளாக்குக்கு (ரேம் வேகம்) சமம் என்று வையுங்கள். ரேம் 2666-ல் இருக்கும்போது எஃப்கிளாக்கை மட்டும் 1800-க்கு ஏற்றினால் வேகம் கூடும் என்று நினைக்காதீர்கள்: இணைப்பு அறுந்து, ஏறிய லாபத்தை அபராதமே தின்றுவிடும். எஸ்ஓசி வோல்டேஜ் 1.05 முதல் 1.10 போதும். சிஎல் 15 போட்டும் 16 என்றே காட்டுகிறதா? கியர் டவுன் மோட் இயங்குகிறது, அது ஒற்றை எண்ணை அடுத்த இரட்டை எண்ணாக்கிவிடும். எழுதும் வேகம் படிக்கும் வேகத்தில் பாதிதான் என்று பெஞ்ச்மார்க் காட்டினாலும் பதற வேண்டாம். ஒரே ஒரு கோர் சிப்லெட் உள்ள ரைசனில் ஃபேப்ரிக் ஒரு சுற்றுக்கு 32 பைட் படிக்கும், 16 பைட்தான் எழுதும்.

இன்டெல் என்றால் கியர் 1 என்று கையால் போடுங்கள். ஆட்டோ சில நேரம் கியர் 2-க்குத் தாவி, கன்ட்ரோலரைப் பாதி வேகத்தில் ஓட்டும்.

ரேம் சோதனைக்கு மெம்டெஸ்ட்86 நான்கு சுற்று, பிறகு டெஸ்ட்மெம்5. ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், "கேம் ஓடுகிறதே" என்று விடாதீர்கள். பூட் ஆகாத ரேமைவிட, பூட் ஆகி ஃபைலைச் சத்தமில்லாமல் கெடுக்கும் ரேம் மோசம்.

பிட்_பயணி
சிஎல்19-ஐப் பிடித்து வைத்துச் சோதித்தேன். 2133-க்கு இறக்கியதும் பெரிய நகரத்தில் ஃப்ரேம் தெளிவாகச் சரிந்தது, கோரைக் குறைத்தபோது அதைவிடக் குறைவாகத்தான் அடி. என்கோடிங்கில் தலைகீழ்: ரேம் இறங்கியது தெரியவே இல்லை. அப்படியானால் 5600எக்ஸை நீக்கிவிடலாமா?

வெப்பமானி
பட்ஜெட் தடுக்கவில்லையென்றால் நீக்கலாம். வைத்துக்கொள்வதானால் ஒரே வேகத்தில் எல்லாக் கோரையும் பூட்டாதீர்கள், 4.5-ல் பூட்டினால் தனிக் கோர் தானாகவே 4.6-க்கு மேல் தொடுவதை இழப்பீர்கள். பிபிஓ-வில் (ஏஎம்டி-யின் தானியங்கி ஓவர்கிளாக்) பூஸ்ட் +200, கர்வ் ஆப்டிமைசரில் (கோர் வாரியாக வோல்டேஜைக் குறைக்கும் அமைப்பு) எல்லாக் கோருக்கும் −10, மிகச் சிறந்த இரண்டு கோருக்கு −5. சிறந்த கோர்கள் ஏற்கெனவே குறைந்த வோல்டேஜில் ஓடுபவை, அவற்றில் விட்டுக்கொடுக்க இடம் குறைவு. இயல்பு வரம்பான 76 வாட்டைத் தளர்த்தினால்தான் என்கோடிங்கில் பலன் தெரியும்.

கர்வ் அதிகமாகிவிட்டால் முழு லோடில் விழாது, சும்மா இருக்கும்போது ரீபூட் ஆகும். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் வியா 18 என்ற வன்பொருள் பிழை பதிவாகியிருந்தால் அதிலுள்ள ஏபிஐசி எண்ணை (த்ரெட் எண்) இரண்டால் வகுங்கள், குற்றவாளிக் கோர் தெரியும். வியா 19 குவிந்தால் கோர் மேல் பழி போடாதீர்கள், எஃப்கிளாக்கை இறக்குங்கள்.

கேஷ்_கணக்கன்
சோதனை முடிவைப் பார்த்தால் என் ஓட்டு 5800எக்ஸ்3டி. எட்டு கோர் என்பதால் என்கோடிங்கும் தளராது. பூட்டு மல்டிப்ளையருக்கு மட்டும்தான். ரேம், எஃப்கிளாக், டைமிங் எல்லாம் திறந்தே இருக்கின்றன. தச்சன் சொன்ன வரிசை முழுவதும் அதில் செல்லும். கேஷ் பெரிது என்பதால் பலன் மட்டும் மற்ற இரண்டையும்விடக் குறைவாகத் தெரியும். சில போர்டுகளின் பயாஸில் கர்வ் ஆப்டிமைசரும் உண்டு, வாங்கும் முன் பாருங்கள். வெப்ப உச்சம் 90 டிகிரி. சில்லின் எல்3 பகுதிக்கு மேல் கேஷ் அடுக்கும், கோர்களுக்கு மேல் நிரப்புச் சிலிக்கனும் உட்கார்ந்திருப்பதால் சூடு வெளியேறத் தாமதமாகும், 80-ஐத் தாண்டுவது இதில் சகஜம்.

என்கோடிங்தான் சோறு போடுகிறது, கேம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றால் ரிங்_பாதை சொன்ன 12600கே-யே சரி.

எதை எடுத்தாலும் போர்டு பழைய சரக்காக இருந்தால் ப்ராசஸர் இல்லாமலே பயாஸ் ஏற்றும் பட்டன் பின்பக்கம் இருக்கிறதா பாருங்கள். பழைய பி550-க்கு எக்ஸ்3டி-யை அடையாளம் தெரியாது, திரையே வராது. ரேம் 3200-ல் நிற்காமல் திரை கறுத்துவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்து, கிளியர் சிமாஸ் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் பத்து விநாடி தொட்டால் பயாஸ் பழைய நிலைக்கு வரும். அதற்கு முன் டைமிங் எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சேமித்த ப்ரொஃபைலும் சில போர்டுகளில் சேர்ந்தே அழிந்துவிடும்.