ஸ்விட்ச்பேக்: ‘காந்தப் பின்மடிப்பு’ எனலாமா?

நண்பர்களே,

சூரியக்காற்றில், அதாவது சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டத்தில், காந்தப்புலம் சட்டென்று திரும்பி மடிவதைத்தான் ஆங்கிலத்தில் ஸ்விட்ச்பேக் (switchback) என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த உரையாடலில் ஐயா முன்வைத்த ‘காந்தத் தலைகீழாக்கம்’ எனக்குச் சரியாகப் படவில்லை. ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனின் காந்தத் துருவங்கள் இடம் மாறுகின்றனவே, அந்தச் சொல் அதற்குத்தான் பொருந்தும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிக்கிற மாணவர் குழம்பிப் போவார்.

இங்கே துருவம் எதுவும் மாறுவதில்லை. சூரியனிலிருந்து வெளியே நீளும் புலக்கோடு (காந்தப்புலத்தின் திசையைக் காட்டும் கோடு) ஓரிடத்தில் சூரியனை நோக்கித் திரும்பி, கொஞ்ச தூரம் போய், மறுபடி பழைய திசையைப் பிடிக்கிறது. நாசாவின் பார்க்கர் விண்கலம் 2018 நவம்பரில் முதன்முறை சூரியனை நெருங்கியபோது இவற்றைக் கொத்துக்கொத்தாகக் கடந்தது. சில நொடிகளில் முடிந்தவையும் உண்டு, பல நிமிடங்கள் நீண்டவையும் உண்டு. புலத்தின் திசை சட்டென்று புரளும். வலிமை ஏறக்குறைய அப்படியே இருக்கும். கூடவே சூரியக்காற்றின் வேகம் எகிறும்.

மடிப்புதான் என்பதற்கு நல்ல தடயம் எலெக்ட்ரான்கள். சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவிலிருந்து புலக்கோட்டை ஒட்டியே பாய்ந்து வரும் வேக எலெக்ட்ரான்கள், அந்த இடத்தில் கோட்டோடு சேர்ந்து சூரியப் பக்கம் திரும்புகின்றன. துருவமே வேறாக இருந்தால் அவை வழக்கம்போல வெளிநோக்கித்தான் போயிருக்கும்.

‘கொண்டை ஊசி வளைவு’ என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. மலைப்பாதை மனக்கண்ணில் வந்துவிடுகிறது. விளக்கும்போது தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதை வினையாக்க முடியாது. ‘பின்மடிப்பு’ என்றால் கோடு பின்மடிகிறது, பின்மடிந்த புலம், பின்மடிப்புக் கொத்து என்று தேவைப்படுகிற வடிவமெல்லாம் தானாகக் கிடைக்கிறது.

அப்புறம், ‘மறுஇணைப்பு மடிப்பு’ என்ற யோசனை வேண்டாம் என்பேன். வெளியே நீளும் திறந்த புலக்கோடும், சூரியனுக்கே திரும்பிவிடும் மூடிய வளையமும் சூரியப் பரப்புக்கு அருகே அறுபட்டு மறுபடி இணைவதால் இவை பிறக்கின்றன என்பது ஒரு தரப்பு. அது சரியானால், சுமார் 5,500 டிகிரி செல்சியஸ் பரப்புக்கு மேலே கொரோனா பத்து லட்சம் டிகிரியைத் தாண்டிக் கொதிப்பதற்கும், சூரியக்காற்று உந்தப்படுவதற்கும் இதே மறுஇணைப்பு ஆற்றல் தருகிறது என்ற வாதம் வலுக்கும். காற்று விரிந்து பரவும்போது ஆல்ஃவேன் அலைகளே (புலக்கோடுகள் வழியே ஓடும் அலைகள்) பெருத்து மடிகின்றன என்பது மறுதரப்பு. வழக்கு முடியவில்லை. கலைச்சொல் இப்போதே ஒரு பக்கம் சாயக் கூடாது.

‘பின்’ என்பதைச் சிலர் காலத்தைக் குறிப்பதாக எடுத்துக்கொள்வார்களோ என்பதுதான் என் ஒரே தயக்கம். ‘பின்வாங்கு’, ‘பின்னோக்கு’ போல இதுவும் பழகிவிடும் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் பட்டியலில் ‘காந்தப் பின்மடிப்பு’ என்றே சேர்க்கலாம்.