புதுப்பிப்பு: 18 லிட்டர் ஸ்பீக்கர் பெட்டியின் பேஸ் முழக்கம், குற்றவாளி போர்ட் குழாய்

முன்பு கேட்டது: ஆறரை அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்), 18 லிட்டர் பெட்டி, 5 செ.மீ. விட்டமுள்ள போர்ட் (பெட்டிக் காற்று போய்வரும் குழாய்). பேஸ் கிட்டாரில் ஒரு சுரம் மட்டும் 'பொம்'மென்று தூக்கல். பஞ்சு திணித்தும் அடங்கவில்லை.

திட்டமிட்ட ட்யூனிங் (பெட்டிக் காற்றும் போர்ட்டும் சேர்ந்து ஒத்ததிரும் அலைவெண்) 45 ஹெர்ட்ஸ், அளந்தால் 51. குழாய் நீளக் கணக்கில் முனைத் திருத்தத்தை (குழாய் முனைகளுக்கு வெளியே சேர்ந்து அசையும் காற்றுக்காகக் கழிப்பது: விட்டம் × 0.73, அதாவது 3.7 செ.மீ.) இரண்டு தடவை கழித்ததுதான் வினை. 12.5 செ.மீ. இருக்க வேண்டிய குழாய் 8.8-இல் நின்றுவிட்டது.

அளப்பது சுலபம். கிராஸ்ஓவரை (ஒலியை அலைவெண்படி பிரிக்கும் சுற்று) கழற்றிவிட்டு, ஆம்பிளிஃபயருக்கும் வூஃபருக்கும் நடுவே 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைத் தொடராக வையுங்கள். 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை சைன் ஒலியை ஒவ்வொரு ஹெர்ட்ஸாக ஏற்றி, வூஃபர் முனைகளில் ஏசி மில்லிவோல்ட்டைக் குறியுங்கள். இரண்டு மேடு வரும். நடுவில் உள்ள பள்ளம்தான் ட்யூனிங். மேடுகள் மழுங்கியிருந்தால் எங்கோ காற்றுக் கசிவு, முதலில் வூஃபர் விளிம்பு கேஸ்கெட்டை (இடைவெளியை அடைக்கும் வளையம்) பாருங்கள்.

குழாயை மாற்றியதும் பள்ளம் 45-க்கு இறங்கியது, முழக்கமும் போனது. குழாயின் உள்முனைக்கும் பெட்டியின் பின்பலகைக்கும் 5 செ.மீ. இடைவெளி கட்டாயம். பஞ்சு குழாய் வாயை அடைக்கவே கூடாது.