ரத்தம் காய்ந்தால் கிருமி செத்துவிடுமா? 7 நாள் கணக்கு

கருவி கழுவும் அக்கா (யாங்கோன்):
போன ஞாயிறு நம் கோயில் மண்டபத்தில் நடந்த இலவசப் பல் முகாமின் படங்களுக்குக் கீழே பல் டாக்டர் மோல்மீன் சயா எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. அவர் சொன்னது: "கையுறை போட்டால் போதும், ரத்தம் காய்ந்தால் கிருமியும் செத்தது, உதவிப் பிள்ளைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று போடச் சொல்வது மருந்துக் கடைக்காரனுக்குத்தான் லாபம்." சயா, ஈரலைத் தாக்கும் இந்த ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில் குறைந்தது 7 நாள் தொற்றும் பலத்தோடு இருக்கும். 1981லேயே கிருமி உள்ள ரத்தத் திரவத்தைக் காயவைத்து ஒரு வாரம் கழித்துச் சிம்பன்சிகளுக்குச் செலுத்திப் பார்த்துவிட்டார்கள். தொற்றியது.

மோல்மீன் சயா:
31 வருஷமாகப் பல் பிடுங்குகிறேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. குரங்குக்கு வந்ததை வைத்து எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அதென்ன சரியாக 7 நாள்? எட்டாம் நாள் காலையில் மணி அடித்தால் கிருமி செத்துவிடுமா?

கருவி கழுவும் அக்கா:
"குறைந்தது" என்று எழுதியிருக்கிறேன், படித்தீர்களா? அவர்கள் ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்கள், அதனால் ஒரு வாரம் என்று சொல்கிறார்கள். சரி, உங்களுக்கு வரவில்லை என்கிறீர்களே, ரத்தம் சோதித்துப் பார்த்தீர்களா? வளர்ந்த ஆட்களில் பலருக்கு இது வந்த அடையாளமே தெரியாது, கண் மஞ்சளாகாமலே வந்து போகும், சிலருக்குப் போகாமல் ஈரலில் தங்கிவிடும்.

பெகு தம்பி:
நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவன், அதனால் சொல்கிறேன். கிருமி உள்ளவர் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவர்களில் நூற்றுக்கு 6 முதல் 30 பேர் வரை தொற்றலாம். எச்ஐவி என்றால் ஏறக்குறைய முந்நூறு குத்தில் ஒன்று. ஊசி குத்தும்போது கையுறை என்ன செய்யும்? 2015ல் நம் மியான்மரில் எடுத்த கணக்கில் 6.5 சதவீதம் பேருக்கு இந்த பி கிருமி இருந்தது. பதினைந்து பேர் வாய் திறந்தால் அதில் ஒருவர்.

ரங்கூன்வாசி:
முகாம் நடத்த மண்டபத்தை யாரைக் கேட்டுக் கொடுத்தார்கள்? போன வருஷம் எங்கள் வீட்டுக் காதுகுத்துக்குக் கேட்டபோது இல்லை என்றார்கள். அதை யாரும் பேச மாட்டீர்கள்.

மோல்மீன் சயா:
மண்டபத்துக்கு நான் வாடகை கட்டியிருக்கிறேன், ரசீது காட்டவா? தம்பி, தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போகிற ஊரில் குளிர்பெட்டியில் வைத்த ஊசி தண்ணீருக்குச் சமம். அதைப் போட்டுக்கொண்டு தைரியமாக இருப்பதைவிடக் கையை ஸ்பிரிட்டில் துடைப்பது மேல். அந்த 7 நாள் கதையை நான் நம்பத் தயாராக இல்லை.

பெகு தம்பி:
2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பது உண்மைதான் சயா. ஆனால் இந்த ஊசிக்குச் சூட்டைவிட உறைவதுதான் பெரிய எதிரி, ஐஸ் மேல் நேராக வைத்தால் அது கெடும். கொஞ்ச நேரம் கரண்ட் போனதும் தண்ணீராகிவிடாது. சந்தேகம் இருந்தால் மூன்றாவது ஊசி முடிந்து ஒன்று இரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி அளவைப் பாருங்கள். ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால் பிடித்துக்கொண்டது.

கருவி கழுவும் அக்கா:
ஸ்பிரிட்டா? பல் குடையும் கருவியை வெளியே துடைத்தால் உள்ளே போன ரத்தத்தை யார் துடைப்பது? அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வைக்காமல் அடுத்தவர் வாயில் வைப்பது பாவம். என் கதையைச் சொல்கிறேன். 2011ல் நான் வேலை பார்த்த ஒரு கிளினிக்கில் தட்டைக் கழுவும்போது மரத்துப்போக வைக்கும் ஊசி கட்டைவிரலில் ஏறியது. மூடியைத் திரும்பச் சொருகாமல் அப்படியே போட்டிருந்தார்கள். டாக்டர் "சோப்புப் போட்டுக் கழுவு" என்றார், அவ்வளவுதான். ஒரு நாளைக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் முதல் தடுப்பூசியும் போட்டிருக்கலாம் என்று அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இது உடம்பில் தெரிய ஆறு மாதம் வரை ஆகலாம் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த ஆறு மாதமும் என் மகனுக்கு என் தட்டிலிருந்து ஒரு வாய் சோறு ஊட்டவில்லை. சேர்ந்து சாப்பிட்டால் இது தொற்றாது என்றுகூடத் தெரியாத பயம் சயா, அது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அது என் அதிர்ஷ்டம். அதற்குப் பிறகு சம்பளத்தில் மிச்சம் பிடித்து முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்றும் போட்டேன்.

ரங்கூன்வாசி:
யாங்கோன் என்ன யாங்கோன், தமிழில் ரங்கூன் என்று எழுத வராதா?

கருவி கழுவும் அக்கா:
அண்ணே, பெயரைப் பிறகு பேசலாம். நம் நாட்டில் குழந்தைகளுக்கு இந்த ஊசி 2003ல்தான் அட்டவணையில் வந்தது. அதற்கு முன் பிறந்த உதவிப் பிள்ளைகள் எத்தனை பேர் தட்டுக் கழுவுகிறார்கள்! டாக்டர் குத்திக்கொள்வது ஒரு தடவை என்றால் கழுவுகிறவளுக்குத் தினமும் ஆபத்து. சோதித்துப் பார்த்து, கிருமி இல்லை என்றால் ஊசி போடுங்கள். இருந்தால் ஊசி பயன்படாது, வைத்தியத்துக்கு அனுப்புங்கள். இதைச் சொன்னால் மருந்துக் கடைக்காரன் ஆளா நான்?

மோல்மீன் சயா:
பட்டம் வாங்கியவனைப் பார்த்துத் தட்டுக் கழுவுகிறவர் பாவம் புண்ணியம் பேசும் காலம். போன தீபாவளிக் கூட்டத்திலும் நீங்கள் இப்படித்தான் எழுந்து நின்று பேசினீர்கள், மறக்கவில்லை.

கருவி கழுவும் அக்கா:
பேசினேன், இன்னும் பேசுவேன். முகாமில் உங்களோடு நின்ற நான்கு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மூன்று ஊசியும் முடிந்திருக்கிறது? எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

மோல்மீன் சயா:
முதலில் அந்த எட்டாம் நாளுக்குப் பதில் சொல்லுங்கள்.

கருவி கழுவும் அக்கா:
குறைந்தது 7 நாள். குறைந்தது. நான்கு பிள்ளைகளில் எத்தனை பேர்?

ரங்கூன்வாசி:
மண்டப ரசீதைக் காட்டுவதாகச் சொன்னீர்களே சயா, எங்கே?