ஞாயிறு 31: வீடியோவுக்கு லைன் வேணும்

வதனி: எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு காலை அப்பாட 31ஆம் நாள் கிரியை. குட்டி ஆக்கள் டொராண்டோவிலிருந்து வீடியோவில் பார்க்கணும் என்று சொல்கிறார்கள். இந்தக் கிழமை முழுக்க இஞ்ச இன்டர்நெட் விட்டு விட்டுத்தான் வருது. ரூபன் அத்தான், கொஞ்சம் பாருங்க

செல்லம் மாமி: மழைதான் மகள். ஐப்பசி மழைக்கு இதெல்லாம் நிக்காது

பெரிய மாமா: போனில் காட்டினால் என்ன

வதனி: மாமா, நம்மட வளவுக்குள்ள போனுக்கு சிக்னல் ஒரு கோடுதான். அதுவும் கிணற்றடியில் நின்றால்

குட்டி: அக்கா எத்தனை மணிக்கு?

வதனி: 9க்கு ஐயர் வருவார்

ரூபன்: வதனி, எங்கட குருக்கள்மடத்து வீட்டிலிருந்து வாவிக்கு மேலால் உங்களுக்கு இன்டர்நெட் அனுப்புற ரேடியோவின் செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்துவிட்டேன். எங்களுக்கு வாற பைபர் லைன் நல்லா இருக்கு, எங்கட வீட்டில் பிரச்சினை இல்லை. 2020இல் கீர்த்தியின் ஒன்லைன் வகுப்புக்கு டிஷ் ரெண்டையும் பூட்டினபோது சிக்னல் மைனஸ் 61 dBm இருந்தது. இப்ப மைனஸ் 70க்கும் 82க்கும் நடுவில் ஆடுது. எண் கொஞ்சம்தானே மாறியிருக்கு என்று நினைக்க வேண்டாம், 10 இறங்கினால் வந்து சேருகிற சக்தி பத்தில் ஒன்று, 20 இறங்கினால் நூறில் ஒன்று. இன்னொன்று, ரேடியோவில் சிக்னலைப் பிடிக்கிற ரெண்டு செயினும் ஒரே அளவுக்கு இறங்கியிருக்கு. ஒன்று மட்டும் விழுந்திருந்தால் ரேடியோவில் பழுது என்று சந்தேகப்படலாம். இது ரெண்டும் சேர்ந்து விழுந்தபடியால் ஒன்றில் டிஷ் திரும்பியிருக்கணும், இல்லாட்டி பாதையில் பிரச்சினை

பெரிய மாமா: பாதை காலையில ஓடினதே. நான் அதில்தானே களுவாஞ்சிக்குடி போய் வந்தன்

கீர்த்தி: 😂😂😂

ரூபன்: அந்தப் பாதை இல்லை மாமா. சிக்னல் வாற வழி

செல்லம் மாமி: மழை எண்டு முதலே சொன்னேனே

ரூபன்: மாமி, மழையில் பழி போடாதீங்க. நாங்கள் பாவிக்கிறது 5 கிகாஹேர்ட்ஸ், ரெண்டு கிலோமீற்றர் தூரத்துக்கு மழைத்துளி அதைப் பெரிசா ஒன்றும் செய்யாது. நனைஞ்ச ஓலைதான் செய்யும். கீர்த்தி, மாடிக்கு ஏறி டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று எங்கட பக்கம் பார்த்து ஒரு படம் எடு மனே

குட்டி: 9 என்றால் எங்களுக்கு சனி இரவு 11.30. பிள்ளைகள் தூங்கிருவாங்க

செல்லம் மாமி: தாத்தாட 31க்கு ஒரு இரவு முழிச்சா என்ன

குட்டி: சரி மாமி

கீர்த்தி: 📷 படம்

கீர்த்தி: தென்னை ஓலை ரெண்டு நேர் குறுக்க நிக்குது. காற்று அடிச்சால் டிஷ்ஷுக்கு முன்னால வந்து வந்து போகுது

ரூபன்: அதேதான். நான் இஞ்ச திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், 80, 71, 80, 72. ஓலை ஆடுகிற ஆட்டம்தான் இது. 2020இல் அந்தக் கன்று மதிலுக்குக் கீழே நின்றது. ஓலைக்கு இடையால் எங்கட வீட்டுத் தண்ணீர்த் தாங்கி தெரியுது என்று சொல்லாதே, கண்ணுக்குத் தெரிந்தால் போதாது. சிக்னல் நேர்கோடாய் வாறதில்லை, நடுவில் வீங்கித்தான் வரும். எங்கட தூரத்துக்கு நடு வாவியில் சுற்றிவர 5 மீற்றர் வேணும், அதில் அறுபது வீதமாவது வெறுமையாய் இருக்கணும். வாவிக்கு மேலே தடை இல்லை. கரையில்தான் தடை

கீர்த்தி: பவரைக் கூட்டினால்?

ரூபன்: கூட்டாதே. அதுக்கு ஓலை விலகாது

பெரிய மாமா: அப்ப வெட்டு

செல்லம் மாமி: ஆருடைய தென்னையை வெட்டுற?? அண்ணன் தன் கையால வைச்சது. 31 கழிய முதல் அதில கத்தி வைக்கவா

பெரிய மாமா: மரத்தை இல்லை மச்சாள். ரெண்டு ஓலை. எல்லையில வைக்க வேண்டாம் எண்டு நான் அப்பவே சொன்னன்

செல்லம் மாமி: எல்லைக் கதையை இஞ்ச எடுக்காதீங்க. வதனிட சீதன வளவு எதுவரைக்கும் எண்டு எனக்குத் தெரியும்

பெரிய மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வதனி: ரெண்டு பேரும் நிப்பாட்டுங்க. ஐயர் கேட்ட சாமான் பட்டியல் இன்னும் மாமாட்டதான் இருக்கு, அதை அனுப்புங்க

ரூபன்: கீர்த்தி, இன்னொரு விஷயம். உங்கட பக்க ரேடியோ இன்றைக்கு நிறையத் தரம் தானாக நின்று எழும்பியிருக்கு, லேன் வயர் வேகம் 100 Mbps இல்லாமல் 10 காட்டுது. அது ஓலையால் வராது, வயர். முதலில் வீட்டுக்குள்ள, அந்த வயராலேயே ரேடியோவுக்குக் கரண்ட் அனுப்புற பீ.ஓ.ஈ. அடாப்டர் பிளக்கைக் கழற்று, மறுகா மேலே போய் வயர் நுனியில் இருக்கிற ஹெட்டைக் கழற்றிப் பார்

கீர்த்தி: கழற்றினேன். தண்ணி வடியுது. பின் எல்லாம் பச்சை

கீர்த்தி: வயர்ட வெள்ளை உறையும் வெடிச்சிருக்கு. தொட்டால் தூளாகக் கொட்டுது

ரூபன்: வெள்ளையா? நான் கறுப்பு வயர் வாங்கச் சொன்னேனே. வெள்ளை வீட்டுக்குள் போடுகிறது, வெயிலுக்கு உறை வெடிச்சிரும், அந்த வெடிப்பால் தண்ணீர் வயருக்குள்ளாலேயே இறங்கும். போதாததுக்கு வாவிக் காற்று உப்பு

வதனி: வயர் வாங்கினது ஆர்

கீர்த்தி: சொல்ல மாட்டேன் 🤐

பெரிய மாமா: கடைக்காரன் ரெண்டும் ஒண்டுதான் எண்டான். மீற்றருக்குப் பாதிக் காசு

குட்டி: 😂 மாமா இன்னும் மாறவில்லை

ரூபன்: சரி விடுங்க. நான் வெள்ளி பின்னேரம் கறுப்பு வயரும் ஹெட் அடிக்கிற கிரிம்பரும் கொண்டு வாறேன். கீர்த்தி, அதுவரைக்கும் செம்பு பளிச்சென்று தெரிகிற இடம்வரை வெட்டிப்போட்டுப் புது ஹெட் அடி. ரேடியோவுக்குள் போக முதல் வயரைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுத்தான் மேலே ஏற்றணும், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போகும். மேலே ரப்பர் டேப் சுற்று. இடி முழங்கினால் ஏறாதே, அம்மாவிடம் கேட்டுவிட்டு ஏறு

வதனி: ஓலை?

ரூபன்: ஓலையை வெட்டாமலும் செய்யலாம். டிஷ் நிக்கிற ஜீ.ஐ. இரும்புப் பைப்பில் ஒரு துண்டு கூட்டி டிஷ்ஷை உயர்த்தலாம். ஆனால் உயரக் கூட்டினால் காற்றுக்கு ஆடும், இழுகம்பி கட்டணும், மறுகா திசையை முதலிலிருந்து பிடிக்கணும்

செல்லம் மாமி: உயர்த்துங்க

பெரிய மாமா: ரெண்டு ஓலைக்கு ஒரு பைப்பா. செலவு ஆர்

செல்லம் மாமி: நான் தாறன்

வதனி: மாமி, சும்மா இருங்க. முதலில் அத்தான் வந்து பார்க்கட்டும்

செல்லம் மாமி: காய்ஞ்ச ஓலை எண்டால் கழற்றலாம். பச்சையைத் தொடக்கூடாது

கீர்த்தி: ரெண்டில் ஒன்று மஞ்சள்தான் 👀

ரூபன்: அது போதுமா தெரியாது. ஏணி இருக்கா?

வதனி: கோயிலுக்குக் கொடுத்தது. இன்னும் வரவில்லை

பெரிய மாமா: கோயிலில இல்லை. கோயிலைப் பார்க்கிற வண்ணக்கர் வீட்ட கிடக்கு

கீர்த்தி: அது நாலு படி இல்லாத ஏணி

பெரிய மாமா: நாளைக்குக் கேட்டுப் பார்க்கிறன்